துணைக்கு வந்தவங்க வெளிய இருங்க

அந்தம்மாவை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் கேட்கக் கூடாது. மாற்றலாகிப் போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதுதான் ஊர் வழக்கம். எனக்கு அந்த வழக்கம் இல்லை. 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அவளும் ஏறக்குறைய என் வயதுக்காரிதான், அவள் என்றே எழுதுகிறேன். பெயர் தெரியும். அதையும் எழுதப் போவதில்லை.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற அறையை ஒட்டிச் சின்னதாக ஒரு அறை உண்டு. அதில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு டேபிள் ஃபேன் போட்டு, கதவில் 'ஆலோசனை அறை' என்று எழுதி ஒட்டினார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் அந்தம்மா ஸ்கூட்டியில் வருவாள். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைப்பாள். யாரைப் பார்த்தும் சிரிக்க மாட்டாள். சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள், நாம் கேட்டாலும் "ஆச்சு" என்பதோடு சரி. மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தயிர்சாதம் தின்பாள். எக்கியார்குப்பத்திலிருந்து வந்த நல்ல வஞ்சிரக் கருவாடாகப் பார்த்து ஒருமுறை பையில் போட்டுக் கொடுத்தேன். "இதெல்லாம் வாங்கிக்கறதில்ல" என்று பையைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தாள். கருவாட்டைத் திருப்பிக் கொடுத்த பெண்ணை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மாதவிலக்கு நிற்கிற வயதில் உடம்புக்கும் மனசுக்கும் வருகிற தொல்லைகளைப் பற்றி அவளிடம் போய்ப் பேச வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். பேசினால் போகிற நோய் என்ன நோய் என்று கேட்டேன்.

அந்த அறை வாசலில் அவள் சொல்கிற வாக்கியம் ஒன்றே ஒன்று. "துணைக்கு வந்தவங்க வெளிய இருங்க." மாமியார் வந்தாலும் அதுதான், புருஷன் வந்தாலும் அதுதான், பஞ்சாயத்துக்காரர் வந்தாலும் அதுதான். குரலை உயர்த்த மாட்டாள், இறக்கவும் மாட்டாள்.

துணைக்கு வந்தவள் என்றால் எங்கள் தெருவில் அது நான்தான். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெண்கள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள், வாயுள்ள ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். என்ன பண்ணுகிறது என்று டாக்டர் கேட்டால் நோய்க்காரி தலையைக் குனிந்துகொள்வாள், கூடப் போனவள் பதில் சொல்வாள். நான் பத்தாவது வரை படித்தவள். மகளிர் குழுத் தலைவி. உப்பு சுமக்கிற பெண்களுக்காக மேஸ்திரியிடம் மல்லுக்கு நிற்கிறவள். யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, யாருக்கு எத்தனை தங்கியது, எத்தனை கலைந்தது என்பதெல்லாம் அவரவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டர்கள் என்னிடம்தான் பேசுவார்கள். என் வாயால் சொல்லப்படாத நோய் எங்கள் தெருவில் கிடையாது.

ஒன்றைத் தவிர. அது என்னுடையது. எனக்குத் தூரம் நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த வருடம் பங்குனி வாக்கில் திரும்பவும் துணியில் கறை பட்டது. கொஞ்சம்தான். சில வாரம் இருக்கும், சில வாரம் இருக்காது. உப்புச் சூடு என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் உப்பளத்தில் எது வந்தாலும் உப்புச் சூடுதான். கண் எரிந்தால் உப்புச் சூடு, நீர்க்கடுப்பு வந்தால் உப்புச் சூடு, கோபம் வந்தால்கூட அதுதான். கீழே பாத்தியில் தண்ணீர் கொதிக்கிறது, மேலே வெயில் கொதிக்கிறது, நடுவில் தலையில் சும்மாடும் கூடை உப்புமாக நிற்கிறவளுக்கு வேறு என்ன வரும்? மோர் குடி, வெந்தயம் ஊறவைத்துத் தின்னு, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி என்று சொல்வோம். நானும் மோர் குடித்தேன். கறை நிற்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, சென்னையில் இருக்கிற பையனிடம் எதைச் சொல்வது? ஊர் நோயையெல்லாம் பேசுகிறவளுக்கே நோய் என்றால் கேட்கிறவர்களுக்குத் தீனியாகிவிடும். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. எங்கள் பெரியம்மா ஒருத்தி இப்படித்தான் ஆரம்பித்து, வயிறு வீங்கிச் செத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கஸ்தூரிக்கு முற்றியது. கஸ்தூரி என் கொழுந்தன் பெண்டாட்டி. எங்களுக்கு ஒரே வாசல், இரண்டு அடுப்பு. வாயில்லாப் பூச்சி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழு வயதில் அவளுக்குத் திடீரென்று வாய் முளைத்தது. புருஷன்மேல் எரிந்து விழுவாள், அடுத்த நிமிஷம் மூலையில் உட்கார்ந்து அழுவாள். தூக்கம் கிடையாது. மாதவிலக்கு இரண்டு மாதம் வராது, வந்தால் நிற்காது. உட்கார்ந்திருக்கும்போதே கழுத்திலிருந்து முகம்வரை குப்பென்று சிவந்து வேர்த்துக் கொட்டும்.

ஒருநாள் உப்பைக் குவிக்கிற அம்பாரத்துக்குக் கூடை சுமந்துகொண்டு வந்தவள் பாதி வரப்பில் கூடையைப் போட்டாள். "தீப்புடிச்ச மாதிரி இருக்குதுக்கா" என்று கத்திக்கொண்டே பாத்தியில் மண்டியிட்டு, அந்த உப்புத் தண்ணீரையே இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். முற்றிய உப்புத் தண்ணீர். கண் இரண்டும் மிளகாய் வைத்தமாதிரி ஆகிவிட்டது. குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பேய் பிடித்திருக்கிறது என்று பாதிப் பேர், திமிர் என்று மீதிப் பேர்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் என்னிடம் வந்தார். "அண்ணி, என்னால ஆவல. இவள வானூர்ல அவங்கம்மா வூட்ல வுட்டுட்டு வந்துடறேன். சரியானா வரட்டும்."

"அதெல்லாம் வேணாம்பா" என்றேன். "கர்ப்பப்பைய எடுத்துப் போட்டுட்டா எல்லாம் அடங்கிடும். பொம்மையார்பாளையத்துல ஒருத்தி எடுத்துட்டு வந்து எப்பிடிக் கல்லு மாதிரி இருக்கறா பாரு. நான் கூட்டிக்கினு போறேன்."

கஸ்தூரி அங்கேயேதான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இல்லை.

ஆபரேஷனுக்கு எழுதி வாங்கப் போனால், முதலில் அந்தம்மாவைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். நான் உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிட்டேன். "எங்க கஸ்தூரிக்கு உப்புச் சூடும்மா. தூக்கம் இல்ல, கோவம் வருது, உதிரம் நிக்கல..."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கஸ்தூரியைத்தான் பார்த்தாள். "துணைக்கு வந்தவங்க வெளிய இருங்க."

"நான் யாரோ இல்லம்மா, அவளுக்கு அக்கா மாதிரி. நான் இல்லாம அவ பேச மாட்டா."

"வெளிய பெஞ்சு இருக்குதுங்க."

அவ்வளவுதான். எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள், அதில் பாதிப் பேரை நானே அழைத்துவந்து காட்டியிருக்கிறேன். அவர்கள் எதிரில் நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் நகர்ந்து காதைக் கொடுத்தேன். உள்ளிருந்து ஒரு கை வந்து ஜன்னலைச் சாத்தியது.

கதவிடுக்கில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. மேசை ஃபேனைத் தூக்கி முழுக்கக் கஸ்தூரி பக்கம் திருப்பி வைத்திருந்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. கஸ்தூரி உட்கார்ந்திருக்கிறாள், இவள் உட்கார்ந்திருக்கிறாள். கையில் பேனா இல்லை, எதையும் எழுதவில்லை. இதற்கா சம்பளம் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்துக் கஸ்தூரி அழுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவள் பேசுகிற சத்தம் கேட்டது. ஓயாமல் பேசினாள். அவ்வளவு நேரம் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "இன்னாடி கேட்டா அவ?"

"ஒன்னும் கேக்கலக்கா."

"பின்ன இவ்ளோ நேரம் இன்னா பண்ணீங்க?"

"மொதல்ல சும்மா இருந்தோம்" என்றாள். "அப்புறம் நான் பேசினேன்."

"ஆபரேஷனுக்கு எழுதிக் குடுத்தாளா?"

கஸ்தூரி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டேன்க்கா."

பஸ்ஸில் வரும்போது நான் அவளோடு பேசவில்லை. அந்தம்மாவை அன்றைக்குத்தான் வெறுக்க ஆரம்பித்தேன்.

அப்புறம் கஸ்தூரி வாராவாரம் போனாள். நானும் விடாமல் போனேன், விடாமல் வெளியே உட்கார்ந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று கஸ்தூரி சொல்ல மாட்டாள், நான் பார்த்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்தம்மா அவளை டாக்டரிடம் அனுப்பி ரத்தம் பார்க்க வைத்தாள், ஸ்கேன் எடுக்க வைத்தாள். ரத்தம் குறைவு, கர்ப்பப்பையில் கோளாறு இல்லை, எடுக்கத் தேவையில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். சத்து மாத்திரை, எள், கேழ்வரகு. அதெல்லாம் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் இன்னொன்று கேட்டாளாம், அதை மட்டும் கஸ்தூரி சொன்னாள். "அளத்துல நீங்க ஏன் தண்ணி குடிக்கறதில்ல?" எங்கள் அளத்தில் எந்தப் பெண்ணும் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் ஒதுங்க வேண்டும், வெட்டவெளியில் எங்கே ஒதுங்குவது? வரப்பைத் தவிர மறைவு இல்லை. அடக்கி அடக்கி எரிச்சல் வந்தால் அதையும் உப்புச் சூட்டில் சேர்த்துவிடுவோம். கஸ்தூரி அடுத்த நாளே மேஸ்திரியிடம் போய் நின்று, கொட்டகைக்குப் பின்னால் நாலு கீற்று வைத்து மறைப்புக் கட்டித் தரச் சொன்னாள். மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். என்னிடம் சொல்லிவிட்டா கேட்டாள்? மறைப்பு வந்தது. எல்லாரும் போனார்கள். வேறு வழியில்லாமல் நானும் போனேன்.

சூடு ஏறுகிற நேரத்தில் கஸ்தூரி இப்போது கத்துவதில்லை. கூடையை இறக்கிவிட்டு, "வந்துடுச்சு, செத்த இரு" என்று பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்வாள். கொட்டகையில் ஈரத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெதுவாக மூச்சு விடுவாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிடுவாள். மூச்சு விடுவதற்கு ஒரு வாத்தியாரம்மாவா என்று நான் கிண்டல் பண்ணினேன். அவள் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தம்மா கொழுந்தனைக் கூப்பிட்டனுப்பினாள். "நாலு வார்த்த நறுக்குனு கேட்டுட்டு வரேன் அண்ணி" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனார். வாசலில் கஸ்தூரியிடம் அந்தம்மா சொன்னாள்: "துணைக்கு வந்தவங்க வெளிய இருங்க." கஸ்தூரியும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கொழுந்தன் வெளியே வந்தபோது சட்டைக் கை இறங்கியிருந்தது.

"இன்னாப்பா கேட்டுட்டியா?"

"வூட்டுக்குப் போலாம் அண்ணி" என்றார். மறுநாள் பார்த்தால் அவர்கள் வீட்டு மேசை ஃபேன் கஸ்தூரி படுக்கிற பக்கம் திரும்பியிருந்தது. வானூர்ப் பேச்சு அதோடு நின்றது. நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். அந்த வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் என் வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கஸ்தூரி என்னைத் தாண்டிப் போய்விட்டாள், அதற்குக் கதவைத் திறந்துவிட்டவள் அந்தம்மா.

வானூர்ச் சந்தையில் ஒருமுறை அந்தம்மா எதிரில் வந்தாள், கையில் முருங்கைக்காய்க் கட்டு. நான் நின்று சிரித்தேன். என்னைப் பார்த்த கண் அப்படியே தாண்டிப் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கஸ்தூரி சமாதானம் சொன்னாள். "வெளிய பாத்தா அவங்களா பேச மாட்டாங்கக்கா. இந்தம்மா எதுக்கு இவகிட்ட பேசுது, இவளுக்கு இன்னா வியாதின்னு பக்கத்துல இருக்கறவங்க கேப்பாங்க இல்ல? அதுக்காகத்தான்." எனக்குப் புரிந்தது. புரிந்தால் பிடித்துவிடுமா?

ஆடி மாதம் அந்தம்மாவே அளத்துக்கு வந்தாள். மதியக் கொட்டகையில் எல்லாரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்த நேரம். ஹெல்மெட்டை வைக்க மேசை இல்லாததால் மடியில் வைத்துக்கொண்டு, "இந்த வயசுல யாருக்கெல்லாம் திடீர்னு சூடு ஏறி வேர்க்குது?" என்று கேட்டாள். பெண்கள் வழக்கம்போல் என்னைப் பார்த்தார்கள். நானும் வழக்கம்போல் பதில் சொன்னேன். "எல்லாருக்குந்தாம்மா. உப்புச் சூடு. வெயில்ல வந்து நின்னு பாத்தா உங்களுக்கே தெரியும்."

அவள் என்னைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல்முறை. "ஐப்பசியில?"

"இன்னா ஐப்பசியில?"

"ஐப்பசியில மழை. பாத்தி எல்லாம் முழுகிக் கெடக்கும், உப்பு கிடையாது, நீங்கல்லாம் வூட்லதான இருப்பீங்க. அப்ப வேர்க்குதா இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பிவிட்டாள். "உங்களக் கேக்கலீங்க. அவங்க சொல்லட்டும்."

சத்தமே இல்லை. அவளும் பேசாமல் இருந்தாள், அவளுக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே. கடைசியில் ஓரத்தில் இருந்த ஒருத்தி சொன்னாள். "ஐப்பசியிலயும் வேர்க்குதும்மா. மழை பெய்யும்போதே வேர்த்துது. பைத்தியம் புடிச்சுடுச்சோன்னு நெனச்சு யார்கிட்டயும் சொல்லல." உடனே இன்னொருத்தி, எனக்கும் என்றாள். அப்புறம் கொட்டகை முழுக்கப் பேச்சு. தூக்கம் வராதது, முட்டி வலி, புருஷன் கை பட்டாலே எரிச்சலாக இருப்பது, சாகலாமா என்றுகூடத் தோன்றியது. இத்தனை வருடம் இவர்களோடு சேர்ந்து உப்பு சுமந்திருக்கிறேன். இதில் பாதி எனக்குத் தெரியாது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஆத்திரமாக வந்தது.

எழுந்து போகும்போதுதான் அவள் அதைச் சொன்னாள். "நிக்கற நேரத்துல முன்னப்பின்ன ஆவறது சகஜம், அளவுக்கு மீறினா டாக்டரப் பாக்கணும். ஆனா ஒரு வருஷம் முழுசா நின்னுட்டு, அப்புறம் ரத்தம் பட்டா அது சூடு இல்ல. ஒரு சொட்டு பட்டாலும் வந்து காட்டிடணும். பெரும்பாலும் பயப்பட ஒன்னும் இருக்காது. ஆனா பாத்துடணும்."

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நான் சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். "உப்பு காயுது, எழுந்திருங்கடி" என்று அதட்டிவிட்டு எல்லாருக்கும் முன்னால் வெயிலில் இறங்கினேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவளிடம் சண்டைக்கே போனேன். கரண்ட் இல்லை, கதவைத் திறந்து வைத்திருந்தாள். "எங்க ஆளுங்கள என்கிட்டேருந்து பிரிக்கறீங்க. இத்தினி வருஷமா இவங்களுக்காக நான்தான் பேசிக்கினு வரேன். நீங்க யாரு?" என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் அவளுக்குக் கழுத்து சிவந்தது, முகம் சிவந்தது, நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிடரியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஓகோ, உனக்கும்தானா என்று எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். மறைக்க மாட்டேன், நல்ல சந்தோஷம்தான்.

கண்ணைத் திறந்து, "ம், சொல்லுங்க" என்றாள்.

"எல்லாஞ் சொல்லிட்டேன்."

"அவங்களப் பத்தி சொன்னீங்க. நீங்க?"

"எனக்கு இன்னா? எனக்கு ஒன்னும் இல்ல" என்று திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

ஐப்பசி வந்தது. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து தண்ணீர் ஏறி, பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் அளம் முழுகிப் போனது. வேலை இல்லை, வெயில் இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கறை மட்டும் நிற்கவில்லை, முன்னைவிட அதிகமாகப் பட்டது. சூடு என்று சொல்லிக்கொள்ள இப்போது உப்பும் இல்லை. நான் துவைத்த துணியைக் கஸ்தூரி பார்த்துவிட்டாள்.

"எத்தினி நாளாக்கா?"

"உனக்கு எதுக்குடி?"

"நாளைக்குச் செவ்வாக்கெழம" என்றாள். "வா, நான் கூட வரேன்."

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பயப்பட வேண்டாம். கட்டி இருந்தது, கெட்ட கட்டி. ஆனால் பரவவில்லை. பெரியாஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கஸ்தூரிக்கு எடுக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன், எடுக்க வேண்டியிருந்தது எனக்கு. இன்னும் ஒரு உப்பு சீசன் பார்த்துவிட்டு வந்திருந்தால் பேச்சே வேறு என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதங்கள் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இவ்வளவு வருடம் யாருக்கும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அவள் ஒருநாளும் "பாத்தீங்களா" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன், அதற்கும் வழி வைக்கவில்லை. மாற்றலாகிப் போகிற அன்று எங்கள் பெண்களெல்லாம் வாசலில் கூடி அழுதார்கள். நான் அழவில்லை. இன்றைக்கு எதிரில் வந்தாலும் நானாகச் சிரிக்கப் போவதில்லை. எனக்கு அவளைப் பிடிக்காது, அது அப்படியேதான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது, கஸ்தூரி என்னைக் கூட்டிக்கொண்டு போன அந்த முதல் செவ்வாய்க்கிழமையைப் பற்றி. மழையில் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தோம். வாசலில் கஸ்தூரி, வாயில்லாப் பூச்சி, எனக்கு முன்னால் பேச ஆரம்பித்தாள். "எங்க அக்காவுக்கும்மா..."

"துணைக்கு வந்தவங்க வெளிய இருங்க."

கஸ்தூரி மறுபேச்சில்லாமல் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் ஃபேனைத் தூக்கி என் பக்கம் திருப்பினாள். மழைக் குளிரில் ஃபேன் எதற்கு என்று எரிந்து விழப் பார்த்தேன், அப்புறம்தான் எனக்கு வேர்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. மேசைமேல் கவிழ்ந்திருந்த ஹெல்மெட்டையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் அத்தனை பேர் நோயையும் மளமளவென்று சொன்ன வாய், இதற்கு ஒரு சொல் தேடி அலைந்தது.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தேன். "எங்க தெருவுல ஒருத்திம்மா. அவளுக்கு நின்னு மூனு வருஷத்துக்கு மேல ஆவுது. பங்குனியிலேருந்து திரும்பப் படுது. சூடுன்னு வுட்டுட்டா. இப்ப ஜாஸ்தியா இருக்குது. அவங்க பெரியம்மாவும் இப்பிடித்தான் போய்ச் சேந்தா. அவளுக்குப் பயமா இருக்குது."

அந்தம்மா முழுக்கக் கேட்டாள். அவள் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை.

"அவங்கள வரச் சொல்லுங்க" என்றாள். "அவங்க சொல்லட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். எழுந்து வெளியே வந்தேன். அதற்குள்ளாகவா என்று கஸ்தூரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெஞ்சில் இருந்த மற்ற பெண்களும் பார்த்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. அப்படியே இறங்கிப் போயிருந்தால் பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருக்கலாம். வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

திரும்பி உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வாங்க" என்றாள் அவள், என்னை அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறவள்போல. "சொல்லுங்க."

"எனக்குத்தாம்மா" என்றேன்.